சங்கரன்கோவில் கிணற்றில் ஒரு டைவ் மாஸ்டர் தேர்வு

ஸ்கூபா பயிற்சிக்காகச் சங்கரன்கோவில் போய் வந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, "அங்கே ஏது கடல்?" என்கிறார்கள். கடல் இல்லைதான். பக்கத்துக் கடற்கரைக்குப் போக நூறு கிலோமீட்டர் ஆகும். போனது கிணற்றுக்கு.

கதை இப்படி. கடலுக்கடியில் நானாக நீந்திப் பார்ப்பது போதாமல், புதியவர்களை அழைத்துப்போய்க் காட்டும் டைவ் மாஸ்டர் ஆக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. கோயம்புத்தூரில் கணினி வேலை பார்த்துக்கொண்டே, தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிறிய பயிற்சி மையத்தில் வார இறுதிகளில் கற்றுவந்தேன். நீச்சல், மீட்பு, வரைபடம், எழுத்துத் தேர்வு எல்லாம் முடிந்துவிட்டன. கடைசியாக ஒன்று பாக்கி. பயிற்சியாளர் கூடவே இருந்து பார்க்க, புதியவர்களுக்கு நான் நீருக்குள் துணை நின்று காட்ட வேண்டும். அவர் "சரி" என்றால்தான் தகுதி கிடைக்கும்.

எங்கள் பயிற்சியாளர் ஷாகுல் அண்ணன் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் பல வருடம் டைவிங் படகுகளில் வேலை பார்த்தவர். கடலில் என்னைக் கவனித்துவிட்டு அவர் சரி என்று சொல்லவில்லை. "நீ மீனைப் பாக்க, ஆளைப் பாக்க மாட்டேங்க. முன்னால போறது நீ, பின்னால வாரவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வேடிக்கை பார்க்கப் பிடிக்காதவள் எதற்காகக் கடலுக்குள் இறங்கப் போகிறாள்?

அடுத்த வாய்ப்புக்குக் காத்திருந்தபோது மார்கழியில் புயல் சின்னம் வந்து, கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவித்துவிட்டார்கள். மையத்தைப் பூட்டிவிட்டு அண்ணன் ஊருக்குப் போனார். இரண்டு நாளில் போன் வந்தது. "சங்கரன்கோவிலுக்கு வா. திருவேங்கடம் போற பக்கம் நம்ம கூட்டாளி ஒருத்தர் கிணறு இருக்கு. மழைக்கு நிறைஞ்சு கெடக்கு. அவரும் சம்சாரமும் சிலிண்டர் மாட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளாக் கேக்காவ. கிணத்துல மீன் கம்மி, அதான் உன்னைக் கூப்பிடுதேன்."

கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல். தென்காசிப் பேருந்தில் இரவு ஏறினால் விடியும் முன் ராஜபாளையம். அங்கிருந்து கரிவலம்வந்தநல்லூர் வழியாகச் சங்கரன்கோவில் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு மணி நேரம். என் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த நீச்சல் துடுப்புகளைப் பார்த்த நடத்துனர், "என்னம்மா இது, தவளைக் காலா? இதுக்கும் டிக்கெட் போடணுமே" என்று வம்புக்கு இழுத்தார். போடவில்லை, நல்ல மனிதர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு சுத்தமான அறை கிடைத்தது. குளித்துவிட்டு இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள், சிலிண்டர்கள் ஏற்றிய லோடு ஆட்டோவுடன் ஷாகுல் அண்ணன் வந்துவிட்டார்.

ஊரிலிருந்து கிணறு பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். இருபுறமும் மக்காச்சோளமும் உளுந்தும். மழை பெய்த கரிசலில் கால் வைத்த மறு நிமிடம் என் செருப்பு இரண்டு கிலோ ஆகிவிட்டது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கிணற்றுக்காரர் கேட்டுக்கொண்டார். எழுதினால் விடுமுறைக்கு ஆளாளுக்கு வந்து குதிப்பார்களாம். அவர் கவலை நியாயமானது.

அவர் பெயர் வெள்ளத்துரை. எல்லாருக்கும் அண்ணாச்சி. கொஞ்சம் நிலம், ஒரு மந்தை செம்மறி ஆடு. மனைவி முத்துலட்சுமி அக்கா. இருவரும் அந்தக் கிணற்றிலேயே நீச்சல் பழகியவர்கள். சதுரமாக வெட்டிய பெரிய கிணறு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகளில் இறங்கினால் பச்சைத் தண்ணீர். எட்டடி ஆழத்தில் ஒரு பாறைத் தட்டு, அதற்கும் கீழே அடிமண். மொத்த ஆழம் முப்பத்தைந்து அடி.

"இவிய அடிமண்ணு எடுத்துட்டு வாரதுல சூரப்புலி" என்று அக்கா அறிமுகம் செய்தார். அங்கே அதுதான் வழக்கம். முங்கினவன் அடியைத் தொட்டானா என்பதற்கு ஒரு பிடி மண்தான் சாட்சி. மண்ணோடு வராதவன் சொல்வதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். அண்ணாச்சியின் மூச்சைப் பற்றி அந்த வட்டாரத்தில் பெரிய பேச்சு இருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் புரிந்தது. பேசியவர் பெரும்பாலும் அண்ணாச்சிதான்.

மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை முதலில் அணைத்தோம். பிடித்து ஏறி இறங்க ஒரு கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டோம். நான் என் பாடத்தைத் தொடங்கினேன். ஸ்கூபாவில் முதல் விதி ஒன்றுதான், தண்ணீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்கக் கூடாது. உள்ளே இழுக்க வேண்டும், வெளியே விட வேண்டும், அவ்வளவுதான். இருவரும் தலையாட்டினார்கள்.

தட்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்தோம். அக்காவின் வாயிலிருந்து குமிழிகள் வந்தபடியே இருந்தன. மேலே எப்படி நிறுத்தாமல் பேசுவாரோ அப்படியே. அண்ணாச்சியிடம் குமிழியே இல்லை. அசையாமல், கண்ணாடிக்குள் கண்களை அகல விரித்து, ஒரு சாதனை செய்துகொண்டிருக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மூச்சை விடச் சைகை காட்டியபடி, கயிற்றைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டிவந்தோம்.

"ஏனுங்ண்ணா மூச்சே விடலை?" என்றேன்.

"காத்தை எதுக்கு வீணாக்கணும்? தூத்துக்குடிலேருந்து வண்டி வச்சுக் கொண்டாந்திருக்கிய. அடைச்ச காத்து, தீந்துட்டா இங்கன எங்க போயி நிரப்ப? நான் பாதி மிச்சம் வச்சிருக்கேன் பாருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, திகைப்புதான் வந்தது. மானாவாரி நிலத்துக்காரர் தொட்டித் தண்ணீரைப் பார்ப்பது போல அவர் சிலிண்டரைப் பார்க்கிறார். என் பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. பயப்படுகிறவரைச் சமாதானப்படுத்தக் கற்றிருந்தேன். சிக்கனக்காரரை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு பாலிதீன் பையை எடுத்துக்கொண்டு அடிக்குப் போனேன். வாயில் கவ்வி மூச்சிழுக்கும் ரெகுலேட்டரிலிருந்து அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே காற்று நிரப்பி, முடிச்சுப் போட்டு விட்டேன். மேலே வந்தபோது அது பூரி மாதிரி உப்பியிருந்தது. "ஆழத்தில் சிலிண்டர்க் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நெஞ்சுக்குள் இதுதான் நடக்கும், நுரையீரல் கிழியலாம்" என்றேன். அண்ணாச்சி பையை அமுக்கிப் பார்த்தார். "வெறும் மூச்சோட முங்கும்போது ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. "அது மேலேயே இழுத்த காற்று, கீழே போய்ச் சுருங்கிப் பழைய அளவுக்குத் திரும்பும். இது கீழே இழுக்கிற காற்று" என்றேன். புரிந்துகொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுபடி இறங்கினோம். இந்த முறை குமிழி வந்தது. அப்போதுதான் சுவர் இடுக்கிலிருந்து ஒரு விரால் வெளியே வந்தது. அதன் தலைக்கு மேலே சிவப்புச் சிவப்பாக ஒரு கூட்டம் குஞ்சுகள். கிணற்றுக்குள் இப்படியா என்று பார்த்தேன். பார்த்தது நான்கைந்து விநாடி இருக்கலாம். திரும்பினால் அண்ணாச்சி இருந்த இடத்தில் கலங்கல்தான் இருந்தது.

அவர் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. உடனே பழைய பழக்கம். வாயை இறுக்கி, மூச்சை அடக்கி, தட்டை உதைத்து மேலே பாய்ந்திருக்கிறார். பாதியில் ஷாகுல் அண்ணன் அவருடைய சிலிண்டர் மாட்டிய ஜாக்கெட்டைப் பிடித்து நிறுத்தி, நெஞ்சில் தட்டி மூச்சை விட வைத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. நுரையீரல் கிழிய எட்டடி ஆழம்கூடப் போதும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். படிக்கு வந்ததும் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அண்ணாச்சிதான் எனக்கு ஆறுதல் சொன்னார். "புத்திக்குத் தெரியுதும்மா. ஒடம்பு கேக்க மாட்டேங்கு."

ஷாகுல் அண்ணன் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலைல இன்னொரு தடவை. அதுலயும் இப்படின்னா, நீ கஸ்டமரா வா. எத்தனை மீனு வேணும்னாலும் பாரு, நானே காட்டுதேன். ஆள் கூட்டிட்டுப் போற வேலை உனக்கு வேண்டாம்." குரலை உயர்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்று மதியம் ஊருக்குள் போய் மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். சங்கரன்கோவில் போகிறவர்கள் அதைத் தவறவிடக் கூடாது என்பார்கள், சரிதான். ஆனால் எனக்கு ருசி மனதில் பதியவில்லை. அண்ணாச்சி சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது. உடம்புக்குக் கேட்கிற மாதிரி எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை கிணற்றுக்குப் போனபோது அண்ணாச்சி மந்தையைத் தரிசு நிலத்தில் மேய விட்டிருந்தார். ஆடுகள் பக்கத்துக்காரர் உளுந்துக்குள் நுழையப் பார்த்தன. அவர் நின்ற இடத்திலிருந்தே "ஹே... ஓ..." என்று கூப்பிட்டார். நீளமான, அவசரமில்லாத சத்தம். கேட்ட எனக்கே மூச்சு முட்டியது, அவருடைய கூப்பாடு இன்னும் முடியவில்லை. மொத்த மந்தையும் திரும்பி நடந்து வந்தது.

நான் அவர் வாயைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தேன். மெதுவாக, ஒரே சீராக அது இறங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர் காற்றோடு மேலே வரும்போது மனித நெஞ்சு என்ன செய்ய வேண்டுமோ, அதையேதான் செய்தது. ஆபத்து நேரத்தில் மேலேறும்போது "ஆ" என்று சத்தம் கொடுத்தபடி வர வேண்டும் என்று எங்களுக்கே சொல்லித் தருவார்கள். அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

"அண்ணாச்சி, மேலே வரும்போது ஆட்டைக் கூப்பிட்டுட்டே வாங்க. கீழே இருக்கிறப்பவும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒருக்கா கூப்பிடுங்க."

"தண்ணிக்குள்ளயா? அதுகளுக்குக் கேக்குமா?"

"எனக்குக் கேக்கும்."

முத்துலட்சுமி அக்காவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கூப்பிடுங்க, கூப்பிடுங்க. வீட்டுல நான் கூப்பிட்டா ஏன்னு கேக்க நாதியில்ல. கிணத்துக்குள்ள ஆட்டைக் கூப்பிடுதாவளாம்!"

இறங்கினோம். ரெகுலேட்டருக்குள் அந்த "ஹே ஓ" ஒரு முனகலாகத்தான் கேட்டது. ஆனால் சத்தம் வந்தால் குமிழி வருகிறது, குமிழி வந்தால் மூச்சு ஓடுகிறது. நான் அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். இடது காதில் அண்ணாச்சியின் முனகல், வலது கண்ணில் அக்காவின் குமிழிகள். வேண்டுமென்றே அண்ணாச்சியின் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஊதி வெளியேற்றச் சைகை காட்டினேன். தடுமாறினார். முனகல் நின்றது. அவர் கை தட்டைத் தேடுவதற்குள் என் கை அவர் ஜாக்கெட்டில் இருந்தது. கண்ணுக்கு நேராகக் கண்ணை வைத்து, நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். ஒரு விநாடி. பிறகு "ஹே ஓ" என்று வந்தது. தண்ணீரை ஊதி வெளியேற்றினார்.

மெதுவாகக் கயிற்றைப் பிடித்து ஏறினோம். ஏறும்போது முழுக்க அவர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். தலை வெளியே வந்து ரெகுலேட்டரைத் துப்பிய பிறகும் அதே வேகத்தில் கூப்பிட, கிணறு முழுக்க எதிரொலித்தது. நிமிர்ந்து பார்த்தால், மேட்டில் வரிசையாக நின்று ஆடுகள் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று நான் அடைந்த சந்தோஷம் எந்தக் கடலிலும் அடைந்ததில்லை.

ஷாகுல் அண்ணன் என்ன சொன்னார் என்பதற்கு முன், போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பயிற்சியாளர் இல்லாமல் எந்தக் கிணற்றிலும் சிலிண்டரோடு இறங்காதீர்கள். பழைய கிணறுகளில் விஷவாயு இருக்கலாம், மோட்டார் ஒயர் இருக்கும். ஆஸ்துமா, சளி, காது வலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தண்ணீர் நிறைந்திருப்பது கார்த்திகை மழைக்குப் பிறகு, தை முடியும்வரைதான். கோயில் திருவிழாவான ஆடித்தபசு சமயத்தில் ஊரில் அறை கிடைக்காது. காற்று நிரப்பும் வசதி பக்கத்தில் எங்கும் இல்லை. டைவ் மாஸ்டர் ஆக விரும்புகிறவர்கள் ஒரு முறையாவது இப்படிக் கலங்கல் தண்ணீரில், பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில் ஆள் அழைத்துப்போய்ப் பாருங்கள். செருப்பை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

இனி அண்ணன் சொன்னது. படியில் உட்கார்ந்து துடுப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி அக்காதான் பேசிக்கொண்டிருந்தார். "யப்பா, எம்புட்டு பெரிய ஆமை! எம் முட்டுக்குப் பக்கத்துலயே வந்து நின்னுச்சே."

"தட்டு ஓரமா சுத்திச் சுத்தி வந்துச்சுல்லா" என்றார் அண்ணாச்சி. "இந்தக் கிணத்துல அது கெடக்கது எனக்கே தெரியாது."

ஷாகுல் அண்ணன் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் மூஞ்சிக்கு முன்னாலதான் ரெண்டு தடவை போச்சு. பாத்தியா?"

"எந்த ஆமை?" என்றேன்.

அவர் கையை நீட்டினார். "வாழ்த்துகள், டைவ் மாஸ்டர்."