என் நெஞ்சுத் துடிப்பு கடல் தாண்டிய நாள்

முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அது முதல் தடவை வந்தது. குனிந்து நிமிர்ந்தேன், அவ்வளவுதான். நெஞ்சு பாய்ந்து ஓடத் தொடங்கியது. முன்வரிசையில் இருந்த சின்னவள் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சர், உங்கட கழுத்து ஏன் துடிக்குது?"

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போவதென்றால் குறிகட்டுவான்வரை படகு, பிறகு பஸ். அன்று படகால் இறங்குவதற்குள் துடிப்பு தானாக அடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் பதிவு) எடுத்தார்கள். ஒரு பிழையும் இல்லை. அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறை, "கனக்க யோசிக்கிறீங்கள் போல அம்மா" என்று மெதுவாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கண்முன்னால் இருந்த கோடு அப்படித்தான் சொன்னது.

"யோசிச்சா கழுத்து அப்பிடித் துடிக்குமோ? நான் கண்ணால கண்டனான்" என்று திரும்பும் வழியெல்லாம் இவர் முணுமுணுத்தார். இவர் என் கணவர் மரியதாஸ். கடற்றொழில் செய்பவர்.

எனக்கோ என்மீதே சந்தேகம் வந்துவிட்டது. கோயிலில் எழுந்து நிற்கவும் பயந்தேன். இவர் கரை தெரியும் தூரத்திலேயே வலை போடத் தொடங்கினார். ஏனென்று கேட்டால், "மீன் இஞ்சயும் வருது" என்பார். வராது என்று எனக்குத் தெரியும். அங்கே நின்றால்தான் தொலைபேசி எடுபடும்.

எங்கள் தீவு ஆஸ்பத்திரிக்கு ஒரு புது டொக்டர் வந்தார். என் மகளின் வயதுதான் இருக்கும். என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். "அடுத்த முறை வந்தா படகுக்கு ஓடாதேங்கோ அக்கா. துடிக்கத் துடிக்க நேரா இஞ்ச வாங்கோ. நான் ஈசிஜி எடுத்து யாழ்ப்பாணத்து இதய டொக்டருக்கு ஃபோனில அனுப்புறன்."

ஒரு காலை, கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அது வந்தது. இவர் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிப் போனார். வயர்களைப் பொருத்தியதும் இயந்திரம் கோடு கீறியது. அதைப் பார்த்த டொக்டரின் முகம் மலர்ந்தது. "பிடிச்சிட்டம் அக்கா!" என்றார். அறைக்குள் சிக்னல் இல்லாததால் விறாந்தைக்கு ஓடி அனுப்பிவிட்டு வந்து, என் கட்டிலையும் அங்கே தள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் இதய டொக்டரே வீடியோவில் வந்தார்.

அவர் சொன்னது இதுதான். என் இதயத்தில் பிறவியிலேயே மேலதிகமாக ஒரு மின்பாதை இருக்கிறது. சில வேளைகளில் துடிப்பு அதற்குள் மாட்டிச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. யோசனையால் வந்ததல்ல.

எனக்கு அழுகை வந்தது. பயத்தால் அல்ல.

துடிப்பைத் தணிக்க, மூச்சை அடக்கி முக்கச் சொன்னார்கள். அடங்கவில்லை. எனக்குத் தலை சுற்றியது. இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஊசி போட வேண்டும் என்றார் இதய டொக்டர். "சில செக்கன் நெஞ்சு நிண்ட மாதிரி இருக்கும் அம்மா. பயப்பிடாதேங்கோ, நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

கைகளில் வயரும் ஊசியும் இருந்ததால், இவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

மருந்து ஏறியது. நெஞ்சுக்குள் எல்லாம் அமைதியாகிவிட்டது. ஒரு பெரிய பாரம் இறங்கி அமர்ந்தது. இதுதான் சாவு என்று நினைத்தேன். பாதத்தில் மட்டும் ஒரு சூடு இருந்தது. பிறகு ஒரு துடிப்பு. இன்னொன்று.

இவர் ஃபோனைப் பார்த்துக் கத்தினார்: "டொக்டர், ஆள் இருக்கிறாவோ?"

"இருக்கிறா அண்ணை, உங்களுக்குப் பக்கத்திலதான்" என்று கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

சில வாரங்களின் பின் கொழும்பில் எனக்கு அப்லேஷன் (தொடை நாளத்தின் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, பிழையான பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை) செய்தார்கள். அதற்குப் பிறகு துடிப்பு வரவில்லை. திரும்ப வரக்கூடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பின்தொடர் பரிசோதனைகளில் சில இப்போது வீடியோவில்தான். முதல் நாள் இவர் பூசைக்குப் போடும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஃபோனுக்கு முன்னால் இருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொன்னார். "அண்ணை, கொஞ்சம் விலகுங்கோ, அம்மாவைக் காணேல்ல" என்று இதய டொக்டர் சிரித்தார்.

இந்த வசதிகள் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. சிக்னல் போகும். கடல் பொங்கினால் படகும் ஓடாது. ஆனால் என்னைப் போல, "உங்களுக்கு ஒண்டுமில்லை" என்று கேட்டுக் களைத்தவர் யாராவது இதை வாசித்தால், ஒன்று சொல்வேன். துடிக்கும்போதே கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் கோட்டின் படம் ஒன்றை உங்கள் ஃபோனிலும் வைத்திருங்கள். உங்கள் உடம்பு பொய் சொல்லவில்லை.

இப்போது தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்கும்வரை குசினியில் சும்மா நிற்கிறேன். முன்பு அந்த நேரத்தில் வேறு வேலை பார்ப்பேன். நெஞ்சு நின்றுபோன அந்தச் சில செக்கன் எவ்வளவு நீளம் என்று அறிந்த பிறகு, எந்த நேரமும் எனக்குக் குறுகியதாகத் தெரிவதில்லை.

"என்னப்பா, நெஞ்சு இடிக்குதோ?" என்று இவர் வந்து கேட்பார்.

"இல்லை. சும்மா நிக்கிறன்."

அவரும் பக்கத்தில் வந்து சும்மா நிற்பார்.