ராஜாக்களுக்குக் கோபம் வைக்கும் என் மருமகள்

நம் வியாபாரிகள் சங்க இதழுக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். சிமெண்ட் மூட்டை சுமந்தவன் மூன்று ஷட்டர் இரும்புக் கடைக்கு முதலாளி ஆன கதை இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அதனால் இந்த முறை என் மருமகளைப் பற்றி எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் இதழ் ஆசிரியர் பார்த்துக்கொள்வார். விஷயத்தில் பிழை இருக்காது.

என் மகன் இந்தப் பெண்ணைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றபோது, "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் கேம் செய்யற கம்பெனியிலப்பா. ராஜாக்களுக்குக் கோவம் வைக்கிற வேலை."

"யாருக்கு?"

"கேம்ல வர்ற ராஜாக்களுக்கு."

நான் மூட்டை தூக்கியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், ஆணியை எடை போட்டு விற்றிருக்கிறேன். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளுடைய அப்பா பஸ் ஓட்டுநர். அவருக்கும் மகளின் வேலை என்னவென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "ஏதோ சண்டை சம்பந்தப்பட்டதுங்க, ஆனா ஆபத்து இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கையில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களுக்கு யார் மேலயாவது ரொம்ப நாள் கோவம் இருந்திருக்கா?"

"இருந்துச்சு. பெயிண்ட் கடைக்காரன் மேல."

"அது எப்படிக் குறைஞ்சுது? கொஞ்சம் கொஞ்சமாவா, ஒரேயடியாவா?"

வருமான வரிக்காரர்கள்கூட என்னை இப்படிக் குடைந்ததில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தேன். "குறைஞ்ச மாதிரியே தெரியலம்மா. ஒருநாள் தேடிப் பார்த்தேன், காணோம்."

அவள் சிரிக்கவில்லை. "அதைத்தான் மாமா எழுதவே முடியல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அந்த வேலை என்னவென்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்த விளையாட்டில் நமக்கு ஒரு சின்ன ஊர் தருவார்கள். வயல், சாலை, படை என்று பெருக்கி அதை நாடாக்க வேண்டும். சுற்றிலும் வேறு நாடுகள். அங்கே இருக்கும் ராஜா ராணிகளை நடத்துவது கம்ப்யூட்டர். நாம் ஒரு முறை ஆடிவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அடுத்து அவர்கள் ஆடுவார்கள். கம்ப்யூட்டருக்கு ஏது கோபம்? அதைத்தான் இவள் வைக்கிறாள். எல்லையை ஒட்டி ஊர் கட்டினால் பக்கத்து ராணியிடம் நமக்கு இத்தனை புள்ளி குறையும். கொடுத்த வாக்கை மீறினால் இன்னும் கூடக் குறையும். அவளுடைய எதிரியோடு கூட்டுச் சேர்ந்தால் அதற்குத் தனி. படையைக் கொண்டுபோய் எல்லையில் நிறுத்திவிட்டு, சும்மா காற்று வாங்க வந்தார்கள் என்றால் நம்பமாட்டாள். எவனோ ஒருவனுடைய நாட்டைப் பிடித்தால், சம்பந்தமே இல்லாத ராஜாக்களும் நாளைக்கு நமக்கும் இதுதானே என்று முகத்தைச் சுளிப்பார்கள். புள்ளி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் வியாபாரத்தை நிறுத்துவார்கள். மற்றவர்களிடம் நம்மைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்வார்கள். பிறகு படை வரும்.

ராஜாவின் முகத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தால் போதும், எந்தக் காரணத்துக்கு எவ்வளவு கோபம் என்று வரிசையாகத் தெரியும். இதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. எங்கள் தெருவில் நான்கு இரும்புக் கடை. அந்த முதலாளிகளின் முகத்தில் இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் நான் இந்நேரம் ஆறு ஷட்டர் வைத்திருப்பேன்.

"கோவம் நாளாக ஆகத் தேயணும் மாமா" என்பாள். "தேயவே இல்லைன்னா யாரும் விளையாட மாட்டாங்க. சீக்கிரம் தேஞ்சுட்டா ராஜாவை எவனும் மதிக்க மாட்டான்."

இந்தத் தேய்மானத்துக்காக அவள் படாத பாடு இல்லை. என் கடைக்கு வந்து ஓரமாக நின்றுகொண்டு, மாற்றித் தரமாட்டேன் என்று சொன்ன குழாயைப் பற்றி ஆட்கள் எவ்வளவு நேரம் கத்துகிறார்கள், எந்த இடத்தில் குரல் இறங்குகிறது என்று கவனிப்பாள். வீட்டில் துணி மடித்துக்கொண்டே "நீ வாக்கு மீறினே, சரி, ஆனா அப்புறம் என் எதிரியையும் அடிச்சே" என்று ஏதாவது ஒரு ராஜாவாகப் பேசிக்கொண்டிருப்பாள். ஆபீஸில் அவளுக்குப் பெயரே 'கோவம்'. ஒருமுறை சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டாள் என்று கொண்டுபோனேன். வாசலில் இருந்த பெண் உள்ளே திரும்பி, "கோவம், உங்க மாமனார் வந்திருக்கார்" என்றாள். எங்கள் வீட்டில் குரல் உயராத ஒரே ஆள் இவள்தான்.

போன வருடம் அவளுக்கு ஒரு சோதனை வந்தது. விளையாட்டைக் கடைக்கு அனுப்பும் முன் வெளியாட்கள் கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் ஒரே குறையைச் சொன்னார்கள். ஒருதடவை பகைத்துக்கொண்டால் ராஜாக்கள் செத்தாலும் மன்னிப்பதில்லை, தலைகீழாக நின்றாலும் கோபம் இறங்குவதில்லை. ஆனால் ஆபீஸில் இதற்கென்றே உட்கார்ந்து விளையாடுகிறவர்கள் பார்த்தால் கோபம் ஒழுங்காகத் தேய்ந்துகொண்டிருக்கிறது. இவளும் எழுதியதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அவளுடைய முதலாளி என் மகனைவிடச் சின்னவன். ஆபீஸுக்கே அரைக்கால் டவுசரில் வருவான். அவன் சொல்லிவிட்டானாம், "இந்த மாசத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா ராஜாங்க பேசற, கோவிச்சுக்கிற பகுதியையே எடுத்துடுவோம். வெறும் சண்டை மட்டும் இருக்கட்டும்." இவளுடைய நான்கு வருட உழைப்பு அது. எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் இவள் கை பட்டது என்று சொல்ல ஒரு முகச்சுளிப்புகூட மிஞ்சாது. வீட்டில் யாரிடமும் புலம்பவில்லை. தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து என் மனைவிதான் விஷயத்தைக் கேட்டு வாங்கினாள்.

அப்போது எனக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டில் முடங்கிக் கிடந்தேன். ஒருநாள் காலை மருமகள் ஆபீஸ் கிளம்பும்போது என் எதிரே கம்ப்யூட்டரை வைத்தாள்.

"மாமா, நீங்க கொஞ்சம் விளையாடிப் பாருங்களேன். ஆபீஸ்ல எல்லாரும் கேம் விளையாடியே வளர்ந்தவங்க. நீங்க எதையுமே விளையாடினதில்ல."

"வாழ்க்கையிலயே விளையாடினதில்லம்மா. அதான் முன்னுக்கு வந்தேன்."

"அதேதான் மாமா வேணும்."

எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனாள். வேறு யாராக இருந்தாலும் திணறியிருப்பார்கள். எனக்கு மத்தியானத்துக்குள் நாடு நிமிர்ந்துவிட்டது. ஆற்றோரத்தில் நல்ல இடம் ஒன்று கண்ணில் பட்டது. பச்சைக் கொடி ராணியின் எல்லையைத் தொட்டாற்போல இருந்தது. வியாபாரி அப்படிப்பட்ட இடத்தை விடுவானா? கிளை திறப்பதுபோல ஊரைக் கட்டிவிட்டேன். ராணியின் முகம் மாறியது. போய்ப் பார்த்தேன்: 'என் எல்லையில் ஊர் கட்டினாய்' என்று பெரிய கழித்தல்.

இதற்கெல்லாம் பயப்படுகிற ஆளா நான்? இந்தத் தெருவில் என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடையோடு இன்றைக்குச் சண்டை என்றால் நாளைக் காலையில் என் கடையிலிருந்து அவன் கடைக்கு ஒரு பெட்டி பழம் போய் இறங்கும். அடுத்த நாளும் போகும். அவன் சிரிக்கும்வரை போகும். அதே வழியில் ராணிக்கும் பரிசு அனுப்பினேன். கொஞ்சம் தானியம். அடுத்த முறை கொஞ்சம் குதிரை. பொத்தானை அழுத்தும் முன் ராணிக்கு ஏதாவது போய்விட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முகம் இளகவில்லை. பரிசு சின்னதாக இருக்கிறதோ என்று பெரிதாக்கினேன். அவளுடைய எதிரியான சிவப்பு ராஜா, 'என் பகையாளிக்கு அள்ளிக் கொடுக்கிறாய்' என்று தன் பங்குக்கு முறைத்தான். அவனுக்கும் அனுப்பினேன். சாயங்காலம் மருமகள் வீடு திரும்பியபோது எனக்குச் சுற்றிலும் பகை, களஞ்சியம் காலி.

"என்ன மாமா இது, எல்லாரும் உர்ருன்னு இருக்காங்க?"

"உன் ஆளுங்களுக்கு மரியாதை தெரியலம்மா. தின்னுட்டு முறைக்கிறாங்க."

பையைக்கூட இறக்கி வைக்காமல் குனிந்து ராணியின் முகத்தில் அம்புக்குறியை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"இந்த ஊரை எப்போ கட்டினீங்க?"

"ஆரம்பத்துலயே. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி."

"அப்போ இது இந்நேரம் காணாமலே போயிருக்கணுமே. முதல்ல இருந்த அளவு அப்படியே இருக்கு." குரல் மாறிவிட்டது. "கட்டினதுக்கு அப்புறம் ராணியை என்ன பண்ணீங்க மாமா? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

"என்ன பண்ணுவேன்? ஒவ்வொரு தடவையும் ஏதாவது அனுப்பினேன். விட்டுட முடியுமா?"

"இப்போ எதையும் அனுப்பாம அழுத்துங்க."

"அனுப்பாமலா? நல்லா இருக்காதும்மா."

"அழுத்துங்க மாமா, ப்ளீஸ்."

மனசில்லாமல் அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் சில முறை அழுத்தச் சொன்னாள். ராணியின் கோபம் ஒரு புள்ளி இறங்கியது. பிறகு இன்னொன்று. "இப்போ ஒரே ஒரு மூட்டை தானியம் அனுப்புங்க" என்றாள். அனுப்பினேன். கோபம் ஏறிப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதினதுதான் மாமா. ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்ச நாள் எதுவும் நடக்கலைன்னா கோவம் தேய ஆரம்பிக்கணும்னு எழுதினேன். புதுசா தப்பு எதுவும் நடக்கலைன்னா போதும்னு எழுதியிருக்கணும். பரிசும் ஏதோ நடந்ததுன்னு எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கு."

"ஆபீஸ்ல இத்தனை பேர் விளையாடறாங்க, ஒருத்தருக்கும் தெரியலையா?"

"அவங்க யாரும் மன்னிப்புக் கேட்கிற ரகமே இல்ல மாமா. பகைச்சுக்கிட்டா படை எடுத்துடுவாங்க. இல்லைன்னா கண்டுக்காம விட்டுடுவாங்க. மன்னிக்கலைன்னு எழுதினவங்க எல்லாரும் உங்களை மாதிரி நல்லவங்க. பரிசு அனுப்பி அனுப்பியே கோவத்தைச் சாகவிடாம வச்சிருக்காங்க."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "இதுல என்ன அதிசயம்? இவர் சண்டை போட்டுட்டுப் பழப்பையோட வந்து நிப்பாரு. அடங்கின கோவம் அந்தப் பையைப் பார்த்ததும்தான் எனக்குத் திரும்ப வரும்."

"அப்போ ஏண்டி வாங்கிக்கிட்டே?"

"பழம் என்ன பண்ணுச்சு பாவம்?"

மருமகள் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். "அத்தை, அப்போ என்னதான் பண்ணணும்? அனுப்பவே கூடாதா?" என்று கேட்பதும், "கோவமா இருக்கும்போது சும்மா விடணும்மா. அப்புறம் கொண்டு வரட்டும், யார் வேண்டாங்கிறா?" என்று என் மனைவி சொல்வதும் காதில் விழுந்தது. நாற்பது வருடக் குடும்பத்தில் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இத்தனைக்கும் நான் யார் எதைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்கிறவன்.

மறுநாளே மருமகள் ஆபீஸில் சரிசெய்துவிட்டாள். வெளியாட்களிடம் திரும்பக் கொடுத்தார்கள். இப்போது ராஜாக்கள் இறங்கி வருகிறார்கள் என்று பதில் வந்தது. அரைக்கால் டவுசர் முதலாளி பேசும் பகுதியை எடுக்கவில்லை. ராஜாக்களுக்கு வாய் பிழைத்தது. என் விளையாட்டால்தான் கண்டுபிடித்தார்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், அது உண்மையும்கூட. ஆனால் சாப்பிடாமல் கிடந்தவளும், குதிரை, மூட்டை எல்லாம் தாண்டி ராணியின் முகத்தை மட்டும் பார்த்தவளும் அவள்தான்.

ஒன்றை மட்டும் அவள் சரிசெய்யவில்லை. பச்சை ராணியை அப்படியே விட்டுவிட்டாள். "ஒருத்தராவது அத்தை மாதிரி இருக்கட்டும்னு முதலாளிகிட்ட கேட்டு வாங்கிட்டேன்" என்றாள். தவறாக எழுதப்பட்டது அந்த ஒருத்திக்கு மட்டும் சுபாவமாகிவிட்டது. கோபமாக இருக்கும்போது பரிசு போனால் அவளுக்கு ஏறும். விட்டுப் பிடித்தால் தானாக இறங்குவாள்.

முழங்கால் சரியாகிவிட்டது. ஆனாலும் மத்தியானத்தில் கடையிலிருந்து வந்து கொஞ்ச நேரம் ஆடுகிறேன். நேற்றும் ஆற்றோரத்து இடத்தை விடமுடியாமல் ஊரைக் கட்டிவிட்டேன். ராணி முறைத்தாள். களஞ்சியத்தில் தானியம் நிரம்பி வழிகிறது, கை துறுதுறுக்கிறது. ஒரு கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, மறு கையால் பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன்.

மனைவி டம்ளரோடு வந்து நின்றாள். "என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கேன்."

"அதுக்கா இப்படி வேர்க்குது?" என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, ராணியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.