சனிக்கிழமைக்குள் ஒரு பூச்சியம்

2012ஆம் வருஷத்து மின்வெட்டில் மாவு அரைபடாமல் தவித்தவர்கள் உண்டு. சீரியலின் முக்கியமான கட்டத்தில் டிவி அணைந்து நெஞ்சில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒரு துகள் சிதையும் கணக்கு பாதியில் நின்றுபோனதற்காக அடுக்களையில் உட்கார்ந்து அழுதவர் குமரி மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பூங்கனி டீச்சர்.

தோவாளையில் பூ வியாபாரியின் மகளாகப் பிறந்தவர். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தினார். பகலில் வகுப்பு, மாலையில் வீடு, இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடுக்கில் பிஎச்.டி. அந்த இடுக்கு எட்டு வருஷமாக நீண்டுகொண்டிருந்தது. கணவர் மகேஷ்குமார் பொறுமைசாலி. "இந்த வருசமாவது முடிஞ்சிருமா?" என்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் கேட்பார், அதுவும் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டையும் கண்ணாடிக் குழாயையும் நினைக்க வேண்டாம். ஒரு துகள் சிதைந்து வேறு துகள்களாக மாறுவது என்னென்ன வழிகளில் நடக்கலாம் என்று கோட்டுப்படங்களாக வரைய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் விடை. கையால் போட்டால் ஒரு படமே மாதக்கணக்கில் ஆளைத் தின்னும். எங்கோ ஒரு கழித்தல் குறி நழுவினால் அத்தனையும் வீண். அதனால் டீச்சர் ஒரு மென்பொருளைப் பிடித்துக்கொண்டார். அது தானே படம் வரையும், தானே கணக்குப் போடும், தானே கூட்டும். கூட்டும்போது நடுவில் முடிவிலிகள் முளைக்கும். முளைக்கட்டும். கடைசியில் அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகிவிட வேண்டும்.

"அந்தப் பூச்சியம் வந்தாத்தான் மத்த விடைய நான் நம்புவேன். அது வராம என்னைப் பாக்க வராதீங்க" என்று வழிகாட்டிப் பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சிப் பதிவு செப்டம்பரோடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாயிற்று. இனி நீட்டிக்க வழியில்லை. பூச்சியம் வராவிட்டால் எட்டு வருஷமும் பூச்சியம்தான்.

மென்பொருளில் ஒரு சிக்கல். கடைசிக் கூட்டல் ஒரே மூச்சில் நடக்க வேண்டும், அதற்கு நாள்கணக்கில் ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த வருஷமோ கரண்ட் போவது செய்தியே இல்லை, வருவதுதான் செய்தி.

வழி சொன்னவர் கல்லூரியில் வேதியியல் நடத்தும் ரீத்தா. "மணவாளக்குறிச்சி பக்கம் எங்க அண்ணனுக்க ஐஸ் கம்பெனி இருக்குல்லா. கரண்டு போனா உடனே ஜெனரேட்டர் போட்டிருவாவ. கம்ப்யூட்டரக் கொண்டு அங்க வையுங்க."

மறுநாளே கம்ப்யூட்டர் ஆட்டோவில் ஏறிக் கடற்கரைக்குப் போனது. ரீத்தாவின் அண்ணன் சூசை அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எம்புட்டு கரண்டு இழுக்கும்?"

"ரெண்டு மூணு பல்பு எரியுத அளவுதான் அண்ணாச்சி."

"அப்பம் கெடக்கட்டு."

அலுவலக அறையின் மூலையில் பெட்டி குடியேறியது. பக்கத்திலேயே ஐஸ் பாளங்கள் இருந்ததால் அதற்கு எப்போதும் குளுகுளு வாசம்தான். டீச்சர் தினமும் கல்லூரி விட்டதும் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார். கடற்கரைக்குப் போய்விட்டு மீன் இல்லாமல் வீடு திரும்ப முடியுமா? மகேஷ்குமார் ஆராய்ச்சியின் அருமையை முதன்முதலாக உணர்ந்தது அந்த நாட்களில்தான்.

ஐஸ் எடுக்க வந்த படகுக்காரர் ஏசுஅடிமை திரையை எட்டிப் பார்த்தார். "இதுல என்னத்த டீச்சர் பாக்கிய?"

"ஒரு துகள் உடைஞ்சா என்ன ஆகும்னு கணக்கு."

"எங்க உடையுது?"

"இங்க இல்ல. கணக்குல மட்டுந்தான்."

"அப்பம் ஆருக்கும் அடிபடல்ல" என்று ஏசுஅடிமை நிம்மதியாகப் போனார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை விசாரிப்பதுபோல, வரும்போதெல்லாம் பெட்டியின் நலம் விசாரித்தார்.

முதல் வாரம் எல்லாம் சுகமாகப் போனது. சனிக்கிழமை சாயங்காலம்தான் டீச்சருக்கு விஷயமே தெரிந்தது. கிறிஸ்தவர்கள் வாழும் அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்குப் பங்குக் கோயில் மணி அடித்ததும் சூசை மெயின் ஸ்விட்சை இறக்கிவிடுவார். திங்கள் விடியற்காலைதான் மறுபடி ஏற்றுவார். அவருடைய மகள் கல்யாணத்துக்குக்கூட அந்த வழக்கம் தவறியதில்லை.

"இன்னும் ஒரே ஒரு நாள் அண்ணாச்சி. முக்கால்வாசிக்கு மேல முடிஞ்சாச்சு" என்று டீச்சர் கெஞ்சினார்.

சூசை ஸ்விட்சில் கை வைத்தபடியே சொன்னார். "ஆண்டவரு ஒலகத்தையே ஆறு நாளுல படச்சு முடிச்சிட்டு, ஏழாவது நாளு சும்மா இருந்தாரு. ஒங்க பெட்டி அவருக்கும் மேலயா?"

உலகம் உண்டான விதம் பற்றி இயற்பியலுக்கும் சில கருத்துகள் உண்டு. கரண்ட் கொடுக்கிற மனிதரிடம் அதையெல்லாம் பேசக் கூடாது என்கிற விவரம் டீச்சருக்கு இருந்தது. மணி அடித்தது. திரை இருண்டது.

அன்றிரவு டீச்சர் சூசையைத் திட்டினார், மென்பொருளைத் திட்டினார், இயற்பியல் படிக்கச் சொன்ன பள்ளிக்கூடத்து வாத்தியாரையும் விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோபம் வடிந்ததும் மென்பொருள் வரைந்து அச்செடுத்து வைத்திருந்த படங்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதுவரை அந்தப் படங்களை அவர் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. அதுதான் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறதே, நாம் எதற்குப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு.

பார்த்தால், ஒரே படம் இரண்டு தடவை இருக்கிறது. ஒன்றில் வளையம் வலப்பக்கம் சுற்றுகிறது, இன்னொன்றில் இடப்பக்கம். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும் என்பது டீச்சரே வகுப்பில் நடத்துகிற பாடம். மென்பொருளுக்கு அது தெரியாது. முதல் படத்தை மாய்ந்து மாய்ந்து போடும், அடுத்த படத்தையும் அதே சிரத்தையோடு போடும், பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மேலே போகும். இப்படி எத்தனையோ ஜோடிகள். அதற்குச் சலிப்பு என்பதே கிடையாது. சலிப்பு இருந்தால்தானே குறுக்குவழி தோன்றும். டீச்சருக்கு அது எட்டு வருஷத்துச் சலிப்பு, ஏராளமாக இருந்தது. அந்த ஜோடிகளைத் தொடாதே என்று நிரலில் சேர்க்க நாலைந்து வரி காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை அந்த வரிகளைச் சேர்த்ததும் பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது. அது செப்டம்பரின் கடைசி வாரம். இன்னொரு திங்கள் அவருக்கு இல்லை.

சனிக்கிழமை மத்தியானமே டீச்சர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணிக்கும் முடியவில்லை. ஐந்தரைக்கும் முடியவில்லை. சூசை வந்து ஸ்விட்ச் பக்கத்தில் நின்றார். கரண்ட் போயிருந்ததால் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. ஏசுஅடிமையும் ஐஸ் எடுக்க வந்ததை மறந்து நின்றார்.

மணிக்குச் சில நிமிஷம் இருக்கும்போது திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. கடைசி வரியில் ஒரே ஒரு இலக்கம்: 0.

பூங்கனி டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.

ஏசுஅடிமை குனிந்து பார்த்தார். "பூச்சியமாக்கும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

சூசையின் முகம் வாடிப்போனது. ஆறு நாள் ராப்பகலாக ஓடிய பெட்டி கடைசியில் கையை விரித்துவிட்டது, அந்தப் பொம்பளை நெஞ்சு வெடித்து அழுகிறாள். போன சனிக்கிழமை ஆண்டவரை இழுத்துப் பேசியது வேறு அவருக்கு உறுத்தியது. அருகில் வந்து நின்றார்.

"அழாதிய டீச்சர். இன்னொருக்கா போட்டுப் பாப்பம். நாளைக்கும் ஜெனரேட்டர் ஓடட்டு. பங்குச் சாமியார்ட்ட நான் பேசிக்கிடுதேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "இந்தப் பூச்சியம் வரணும்னுதான் அண்ணாச்சி நான் எட்டு வருசமா காத்துக் கெடந்தேன். எல்லாம் சரியா வந்திட்டு. நீங்க நிப்பாட்டுங்க."

சூசை திரையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். அவருக்குத் துளியும் நம்பிக்கை வரவில்லை.

"அத அழாம சொல்லுங்க, நிப்பாட்டுதேன்."

டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது. பங்குக் கோயில் மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. சூசை ஸ்விட்ச் பக்கம் திரும்பவே இல்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.