நாலு எண்ணிக்கை மௌனம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். நாற்பத்தெட்டு வயது, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, பாதி நரைத்த தலை, பேச்சிலும் நடையிலும் துளி தயக்கம் கிடையாது. மேடையில் பாடிப் பதிவான பாட்டிலிருந்து, கேட்க வந்தவர்கள் போட்ட சத்தங்களைப் பொறுக்கி எடுப்பது அவள் தொழில். இருமல், தும்மல், செருமல், நாற்காலிக் கிறீச்சு, மிட்டாய்க் காகிதம், கை தவறி விழுந்த சாவிக்கொத்து. இருபத்து மூன்று வருடங்களில் எத்தனை ஆயிரம் இருமல்களை எடுத்திருப்பாளோ, அவளுக்கே கணக்கில்லை.

"இடி விழுந்தாலும் எடுத்துக் கொடுக்கறேன். மின்னலை மட்டும் கேக்காதீங்க" என்பாள்.

அவள் கணவர் திரைச்சீலை தைப்பவர். அந்தக் கூடத்துச் சுவர்களுக்குக் கனத்த திரை போட வந்தவர், அளவெடுக்க வந்த இடத்தில் அவளையும் பார்த்துவிட்டுப் போனார். "ஊரு சத்தத்தை எல்லாம் எடுக்கறே, என் குறட்டையை எடுக்க முடியலையே" என்று இன்றும் கேலி செய்வார். "அது சத்தம் இல்லீங்க, இயற்கைச் சீற்றம்" என்று அவளும் விடமாட்டாள்.

மனிதர்கள் சளி பிடித்து இருமுவதில்லை என்பது அவள் கண்டுபிடிப்பு. அதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது அந்தப் பாடகர் குழு. முந்நூறு வருடங்களுக்கு முந்தைய, ஐரோப்பிய பரோக் காலத்துத் தேவாலய இசை பாடுகிற குழு. அறுபது பேர், நான்கு வகைக் குரல், கூடவே வயலின்களும் எக்காளங்களும். பாட்டின் மொழி லத்தீன். கேட்பவர்களில் பத்துப் பேருக்குக்கூட அர்த்தம் தெரியாது. ஆனால் எக்காளம் முழங்கும்போது அரங்கத்து நாற்காலிகள் எல்லாம் ஒருசேரக் கிறீச்சிடும், அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவதால். குரல்கள் ஒன்றையொன்று துரத்தி ஓடும் இடத்தில் செருப்புக் கால்கள் தரையைத் தட்டும். இறந்தவர்களுக்காக மன்றாடும் பகுதி வந்தால் ஒரு தொண்டையும் செருமாது. அது முடிந்ததோ இல்லையோ, மழை விட்டதும் கிளம்பும் தவளைகளைப் போல நூறு பேர் இருமித் தீர்ப்பார்கள்.

"இருமல்ங்கறது வேற ஒண்ணுமில்ல, வெட்கப்பட்ட அழுகை" என்பாள் சல்லடை.

இத்தனை தெரிந்தவள் ஆறு வருடங்களாக அந்த மன்றாட்டை மட்டும் கையால் தொடவில்லை. குழு அதைப் பாடிய போதெல்லாம் பதிவு வேலையை வேறு ஆளிடம் தள்ளிவிட்டாள். இந்த வருடம் குழுத்தலைவர் நேரிலேயே வந்து நின்றுவிட்டார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, கோபக்காரர்.

"மூணு நாள் சாயங்காலம் பாடறோம். மூணையும் பதிவு பண்ணி, நல்லதை எடுத்து ஒண்ணாக் கோத்துக் குடுக்கணும்மா. கடைசிப் பாட்டுல ஒரு இடத்துல எல்லாக் குரலும் நின்னுடும். நாலு எண்ணிக்கை மௌனம். அப்புறம் ரொம்ப மெதுவா மறுபடி ஆரம்பிக்கும். அந்த நாலு எண்ணிக்கை கண்ணாடி மாதிரி இருக்கணும். உங்களைத் தவிர யாராலும் முடியாது."

புகழ்ச்சிக்கு மயங்குகிறவள் அல்ல அவள். ஆனால் முடியாது என்று சொல்வதற்கும் அவளுக்கு வாய் வராது. சரி என்றாள்.

மூன்று மாலைகளும் மேடைக்குப் பின்னால், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையில் உட்கார்ந்து பதிவு செய்தாள். அங்கிருந்து பாடுபவர்கள் தெரிவார்கள், கேட்பவர்கள் தெரிய மாட்டார்கள். அடுத்த நாள் காலை பதினொரு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். மத்தியானத்துக்குள் எழுபத்திரண்டு இருமல், ஒன்பது தும்மல், ஒரு கைக்கடிகார மணி போயாயிற்று. பிறகு அந்த மௌனம் வந்தது.

முதல் நாள் பதிவில், மூன்றாவது எண்ணிக்கையில் ஏதோ ஒரு சத்தம். இரண்டு முறை மூக்கை உறிஞ்சி, தொண்டைக்குள்ளேயே நசுக்கப்பட்ட ஒரு 'க்ம்'. சல்லடை இரண்டாம் நாள் பதிவை எடுத்தாள். அங்கேயும் அதே உறிஞ்சல், அதே 'க்ம்', நான்கு எண்ணிக்கையும் விட்டு விட்டு. மூன்றாம் நாளில் முதல் எண்ணிக்கையிலேயே வந்துவிட்டது.

ஒரே மனிதன் மூன்று நாளும் வந்திருக்கிறான். மூன்று நாளும் ஒரே இடத்தில் உடைந்திருக்கிறான்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். ஆயிரம் பேர் இருமினாலும் யாரென்று தெரியாதவளுக்கு இந்த ஒரு சத்தம் தெரியும். சிறு வயதில் அப்பாவிடம் அடி வாங்கினால் வாய்விட்டு அழமாட்டான் ஒருவன். கதவுக்குப் பின்னால் போய் இரண்டு முறை மூக்கை உறிஞ்சி, தொண்டையை நசுக்கிக்கொள்வான். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள் அவள்.

அவளுடைய அண்ணன்.

ஆறு வருடங்களுக்கு முன், இதே குழு, இதே மன்றாட்டு, இதே சின்ன அறை. பதிவின்போது போனை அணைத்து வெளியே மேஜையில் வைத்துவிட வேண்டும் என்பது கூடத்தின் சட்டம். அண்ணன் வீட்டில் இருந்த அம்மாவுக்கு அன்று மாலை திடீரென்று மூச்சுத் திணறியது. அண்ணன் பதினொரு முறை அழைத்தான். பாட்டு முடிந்து அவள் போனைத் திறந்தபோது அம்மா இல்லை. அடக்கம் முடிந்த கையோடு அண்ணன் சொன்னது ஒரே வாக்கியம்: "உனக்கு ஊரான் பாட்டுதானே பெருசு, போ, போய் அதையே கேளு." அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒரு சொல் இல்லை. தெருவில் எதிரில் வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவான்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கணவர் கத்தரிக்கோலை ஓரமாக வைத்தார்.

"என்ன, சோத்துல இருமல் தேடறியா?"

சொன்னாள்.

"அழிக்க முடியாதா உன்னால?"

"ஏன் முடியாது? முதல் நாள்ல முன்பாதி சுத்தம், மூணாம் நாள்ல பின்பாதி சுத்தம். ரெண்டையும் ஒட்டினா நாலு எண்ணிக்கை. பத்து நிமிஷ வேலை." பிசைவதை நிறுத்தினாள். "ஆறு வருஷத்துல அவன் எங்கிட்ட பேசின ஒரே பேச்சு அதுதாங்க. அதை நான் எப்படி அழிப்பேன்?"

"உங்கிட்டதான் பேசினான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது தெரியல. அதான் சோறு எறங்கல."

"அப்போ போய்க் கேளு. காது மட்டும் இருந்தாப் போதுமா? வாயும் இருக்குல்ல?"

சல்லடை எழுந்து கை கழுவினாள். போவதென்று முடிவானபின் அவளிடம் தாமதம் கிடையாது. கூடத்துக்குத் திரும்பி, பதிவு செய்ததைச் சின்னக் கருவியில் ஏற்றிக்கொண்டாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பொத்தான் போனையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அண்ணனுடையது மோட்டார் ரிப்பேர் கடை. தண்ணீர் பம்பு, மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம் என்று சுழல்வது எதுவானாலும் பார்ப்பான். கடைக்குள் செம்புக் கம்பிச் சுருள்கள், கிரீஸ் டப்பாக்கள், வார்னிஷ் நெடி. அண்ணன் ஓடும் மோட்டார் ஒன்றின் மேல் ஸ்குரூடிரைவரின் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடியிருந்தான். உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பான். அந்தக் குடும்பத்துக்கே காதில்தான் பிழைப்பு.

முன்னால் உட்கார்ந்து பில் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி அவளைக் கண்டதும் எழுந்துவிட்டாள். "வா... வாம்மா" என்று தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். மோட்டாரை நிறுத்தினான். முகம் பார்க்காமல், "என்ன ரிப்பேரு?" என்றான், யாரோ ஒரு வாடிக்கையாளரைக் கேட்பது போல.

"ஒரு சத்தம் வருது. என்னான்னு பாத்துச் சொல்லணும்."

சொல்லிவிட்டு அவன் தலையில் ஹெட்போனை மாட்டினாள். அவன் தடுப்பதற்குள் பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது. அறுபது குரல்கள் ஏறி, இறங்கி, நின்றன. அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் மெதுவாக வைத்தான். அண்ணி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு நாளும் வந்திருக்கே" என்றாள் சல்லடை.

"டிக்கெட் வாங்கித்தான் வந்தேன். திருட்டுத்தனமாவா வந்தேன்?"

"ஏன் வந்தே அண்ணா?"

அந்த 'அண்ணா' அவனை என்னவோ செய்தது. கிரீஸ் துணியால் கையைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"திட்டறதுக்குத்தான் வந்தேன். அம்மா உயிர் போற நேரத்துல நீ அப்படி என்னத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்னு பாக்கணும். போஸ்டர்ல அதே பாட்டுன்னு போட்டிருந்தான். போனேன். ஒரு எழவும் புரியல. பக்கத்துல ஒரு பெரியவர் நல்லாத் தூங்கினாரு. நானும் எந்திரிச்சுப் போயிடலாம்னு இருந்தேன். அப்போ சட்டுன்னு எல்லாம் நின்னுச்சு. ஓடற மோட்டார் நின்னா தூங்கறவன் முழிச்சுக்குவான் இல்ல, அப்படி அந்தப் பெரியவர் முழிச்சுக்கிட்டாரு. எனக்கு..." அவன் நிறுத்தினான்.

"சொல்லு."

"அம்மா மூச்சும் அப்படித்தான் நின்னுச்சு. நான் கையைப் புடிச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மறுபடி வரும், மறுபடி வரும்னு. வரல." அதே 'க்ம்' வந்தது. "இந்தப் பாட்டுல வருது. நாலுக்கு அப்புறம் மெதுவா வந்துடுது. முதல் நாள் எனக்குத் தாங்கல. ரெண்டாம் நாள் அழக்கூடாதுன்னுதான் போனேன். மூணாம் நாள்... அது மறுபடி வர்றதைக் கேக்கணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சல்லடை பையிலிருந்து அந்தப் பொத்தான் போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். திரையில் பதினொரு தவறிய அழைப்புகள். ஆறு வருடத்துப் பழசு.

"மாசாமாசம் சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன். அழிக்கறதுதான் என் பொழப்பு. இந்தப் பதினொண்ணை மட்டும் அழிக்கல. நான் அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டு உன் குரலைக் கேக்காம போயிட்டேன் அண்ணா. அதுக்கு நான் என்ன வேணும்னாலும் கேட்டுக்கறேன், திட்டணும்னு வந்தவன் திட்டிடு."

அவன் திட்டவில்லை. போனை எடுத்துப் பார்த்தான். தன் எண்ணைப் பதினொரு முறை பார்த்தான். இரண்டு முறை மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணா, உன் சத்தத்தை நான் எடுக்கப் போறதில்ல. குழுத்தலைவர் குதிச்சாலும் சரி, அது பாட்டோடவே இருக்கட்டும்" என்றாள் அவள்.

"உனக்குப் பைத்தியமா?" அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த உரிமைக் கோபம். "நான் அழுதா அது என்னோட இருக்கட்டும். ஊரு கேக்கறதுக்கா அழுதேன்? கை வெச்ச வேலையை அரைகுறையா விடற பழக்கம் நம்ம வீட்டுல யாருக்கும் கிடையாது. அம்மா இருந்தா உன் காதைத் திருகியிருப்பா. போய்ச் சுத்தமா எடுத்துடு."

அண்ணி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். சல்லடைக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் அவனிடம் எதைக் கேட்க ஏங்கினாளோ, அது இந்தத் திட்டுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் காலை முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டினாள். அவன் அழுவதற்குச் சற்று முன்பும், அழுது முடித்த பின்பும் அந்த அரங்கம் எப்படி மூச்சடக்கி இருந்ததோ, அவை இரண்டும் சேர்ந்து நாலு எண்ணிக்கை ஆயின. தையல் தெரியவில்லை. சனிக்கிழமை குழுத்தலைவர் வந்தார். "இன்னொரு ஆளும் கேப்பாரு" என்று சல்லடை கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அண்ணனும் வந்து ஓரமாக உட்கார்ந்தான்.

பாட்டு ஓடியது. நின்றது. நான்கு எண்ணிக்கை. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அது மறுபடி வந்தது.

"கண்ணாடி! அப்படியே கண்ணாடிம்மா!" என்றார் குழுத்தலைவர்.

சல்லடை அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான்; அழவில்லை, நெற்றிதான் சுருங்கியிருந்தது.

"ஒரு சத்தம் இருக்கு" என்றான்.

"என்னது?" என்றாள் சல்லடை. அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் சொல்லாத வாக்கியம் அது.

"அந்த மௌனத்துக்கு அடியில. நீங்க பாடின மண்டபத்து விசிறி மோட்டார். பேரிங் போயிடுச்சு, ஒரு மாசம் தாங்காது. நீங்க யாரும் கேக்கலையா?"

மறுபடி ஓட்டினார்கள். மூன்றாம் முறைதான் அவளுக்கே கேட்டது, நூலைவிட மெல்லிய ஒரு உறுமல். குழுத்தலைவர் வாயைப் பிளந்தார். "என்ன சல்லடை, ஓட்டை விழுந்துடுச்சா?" என்றார்.

"சல்லடைன்னாலே ஓட்டைதானே சார்" என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல். "அதை எடுத்துடறேன் நான். மோட்டாரை எங்க அண்ணன் எடுத்துடுவாரு. எங்க வீட்டு வேலை சுத்தமா இருக்கும்."

எங்க அண்ணன். அந்த இரண்டு சொற்களை வெளியாள் முன்னால் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று! அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் மறுக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானம், அவள் ஒரு கல்யாணப் பாட்டிலிருந்து குழந்தை அழுகையை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் அணைக்கப்படாமல் இருந்தது. அது அடித்தது. திரையில் அண்ணனின் எண். பன்னிரண்டாவது அழைப்பு.

முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"மண்டபத்துல இருக்கேன். மாத்தியாச்சு" என்றான் அண்ணன், பின்னால் எதிரொலிக்கும் பெரிய வெற்றிடத்திலிருந்து. "சத்தம் வருதான்னு நீ ஒரு தடவை வந்து கேட்டுடு."

"இதோ கிளம்பிட்டேன் அண்ணா" என்றவள், குழந்தையை அழவிட்டுவிட்டு எழுந்தாள்.