வாழைக்குப் பின்னால் குடித்த பீடி

ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக வரும். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஆம்பளைங்க பீடி கேட்டால், பொம்பளைங்கதான் அடுப்பில் பற்றவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம். தீக்குச்சி மிச்சம். வழியில் அணையாமல் இருக்க ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அந்த ஒரு இழுப்புக்கே கண்ணில் தண்ணி வரும். அப்புறம் அது இரண்டானது. கூலி நெல்லைக் கூட்டித் தரச்சொல்லி விவசாயச் சங்கத்தோடு நின்றதற்காக என் வீட்டுக்காரர் போலீசுக்குப் பயந்து கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒளிந்திருந்தபோது, கூரையில் அவர் செருகியிருந்த பீடிக்கட்டு முழுதையும் நானே தீர்த்தேன். பயத்துக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து அவருக்கு இருமல் முற்றியது. பீடியைத் தொடவே கூடாது என்றார் திருவாரூர் டாக்டர். அவர் அன்றே விட்டார். நான் விடவில்லை. கொல்லையில் வாழைக்குப் பின்னால் போய்க் குடித்தேன்.

ஒருநாள் மகள் அங்கே கிடந்த துண்டுப் பீடியைக் கையில் எடுத்து வந்தாள்.

"டாக்டர்கிட்ட தலையை ஆட்டிட்டு வந்து, திருட்டுத்தனமா குடிக்கிறீங்களாப்பா? உங்களுக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு யாரு இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணுதாம்மா. இனிமே இல்ல" என்றார்.

நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் அவள் அப்பாவிடம் பேசவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"நான் குடிச்ச காலத்துலயே, கட்டுல குறையறப்ப எனக்குத் தெரியும். பாதி உனக்குத்தான் போச்சு, இருமல் மட்டும் முழுசா எனக்கு வந்துடுச்சு" என்று சிரித்தார்.

அன்றோடு விட்டேன். முதல் வாரம் கை நடுங்கியது. கோழியைக்கூடத் திட்டினேன். அப்புறம் நாக்குக்கு உப்பு தெரிந்தது. அத்தனை வருஷமும் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டிருக்கிறேன், அவர் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார். நடவில் குனிந்து நிமிர்ந்தால் நெஞ்சு அடைப்பதில்லை. மார்கழியில் மரத்துக் கிடக்கும் கால்விரலில் சூடு வந்தது. அரிவாள் பட்ட புண் சீக்கிரம் ஆறியது. புகை நெஞ்சோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். கால்விரல் வரைக்கும் போயிருக்கிறது. அவருக்கும் இருமல் தணிந்து, ஆற்றங்கரை வரை நடந்து வந்தார்.

உடம்பு தேறத் தேற எனக்கு வெட்கம்தான் கூடியது. அவர் லேசாக இருமினாலும் மகள், "என்னப்பா, மறுபடியும் வாழைக்குப் பின்னாலயா?" என்பாள். கண்ணை மூடும் வரைக்கும் அவர் அதைச் சிரித்தே வாங்கிக்கொண்டார். பக்கத்திலேதான் நான் இருந்தேன்.

இதைப் பிழை திருத்தப்போகிறவளும் மகள்தான். அப்பா ஒளிந்திருந்தது குறுவை அறுப்பிலா, சம்பா அறுப்பிலா, டாக்டர் திருவாரூரா, தஞ்சாவூரா, யாரையாவது கேட்டுச் சரிபார்த்துப் போடும்மா. வாழைக்குப் பின்னால் குடித்தது யார் என்பதை மட்டும் மாற்றாதே.