பினாயில் ஊற்றிய தேயிலை

எங்கள் செம்பாக்கம் அடுக்குமாடியில் தினம் இரண்டு வேளை படிக்கட்டைப் பினாயில் ஊற்றித் துடைக்கிறார்கள். இரண்டு வேளையும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்துகிறேன். அறுபதுகளில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த பதினொரு குடும்பங்களைத் தாம்பரத்தில் அடைத்துவைத்த தகரக் கொட்டகை, மூட்டைப்பூச்சியும் மூத்திர நாற்றமுமாக எதிரே வந்து நின்றுவிடுகிறது. மிஷனிலிருந்து வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து பேசிப் பழகிய இளைஞர் தேவராஜ் அண்ணா, ஒருநாள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, உதவியாக இருக்கட்டுமென்று எங்கள் இடத்தைக் கழுவிவிட்டார்.

"மூலையில இருந்த ஜாடி எங்க தம்பி?" என்றாள் திரும்பிவந்த அம்மா.

"எல்லாம் அழுகின இலைக்கா, ஒரே நாத்தம். சாக்கடையில கொட்டி பினாயில் ஊத்திட்டேன்."

அது தின்பதற்காக ஊறவைத்துப் புளிக்கவிட்ட தேயிலை. ரங்கூனில் வெற்றிலை பாக்கு போல அதை வைத்துத்தான் கல்யாணத்துக்கு அழைப்போம். என் அக்கா கல்யாணத்துக்கென்று, கப்பலில் அம்மா மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்த ஜாடி.

விஷயம் தெரிந்து கூனிக் குறுகிப்போனவர், மறுநாள் ஒரு பொட்டலம் டீத்தூளோடு வந்தார். "இதுல செய்ய முடியுமாக்கா?"

அம்மா அதில் டீ போட்டு, முதல் டம்ளரை அவரிடம் நீட்டினாள். "குடி தம்பி. உன்னத்தான் முதல்ல அழைக்கிறேன். கல்யாணத்துக்கு வந்துடணும்."

அவர் கண்கலங்கக் குடித்தார். என் டம்ளரில் பினாயில்தான் நாறியது.