முதலாளி அடித்த காசு

பித்தளை வில்லை அது. ஒரு பக்கம் கடையின் பெயர், மறுபக்கம் யானை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒஸ்லோவில் நான் காசுமேசையில் நின்ற தமிழ்க் கடையின் முதலாளி, எங்கள் சம்பளத்தில் பாதியை அந்த வில்லையாகத்தான் தருவார். மீதிப் பாதியை மேல்மாடி அறை வாடகையென்று அவரே பிடித்துக்கொள்வார். லண்டன் சந்தையில் வாங்கிய பழங்காலத்துச் செப்பு வில்லை ஒன்றைத் திறப்புக் கோர்வையில் சாவிகளோடு கொழுவியிருந்தார். "அந்தக் காலத்து இங்கிலீசுக் கடைக்காரர், சாராயக்கடைக்காரர் எல்லாம் தாங்களே காசு அடிச்சவங்கள். நான் அடிச்சால் என்ன?" என்பார். அவர் கடையில் அரிசி, தேங்காய், மீன் வாங்கலாம். வாசலைத் தாண்டினால் அது வெறும் தகரம். அகதி வழக்குத் தோற்று, விசா இல்லாமல் நின்ற நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

எங்களோடு மீன் வெட்டும் அண்ணை ஒருவர் இருந்தார். அவருடைய தாய் யாழ்ப்பாண ஆசுபத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டு, மகனின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாராம். சேதி சொன்ன ஊர்க்காரர், பக்கத்து நகரான திராமனுக்குப் போகும் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். அண்ணை கையைக் கழுவாமலே முன்னுக்கு வந்தார்.

"முதலாளி, ஊருக்குப் பேச ஒரு போன் காட் தாங்கோ. வில்லையிலை கழியுங்கோ."

"காட் என்ரை சாமான் இல்லையப்பா. கொம்பனிக்கு நான் காசெல்லோ கட்ட வேணும்."

வரிசையில் நின்ற சென்னைக்காரர் ஒருவர், "அந்த வில்லைய என்கிட்ட குடுங்க, நான் காசு தர்றேன்" என்றார்.

"வேலையாளுக்குக் குடுத்தது வேலையாளுக்கு மட்டுந்தான் செல்லும், தம்பி."

"அப்ப சும்மாவே வச்சுக்கங்க" என்று அவர் அண்ணையிடம் காசுத் தாளை நீட்டினார். அண்ணையும் கையை நீட்டிவிட்டார். முதலாளி கடையே கேட்கச் சிரித்தார். "என்னடாப்பா, பிச்சை எடுக்கிற அளவுக்கு வந்திட்டியோ?"

அண்ணை நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மீன் மேசைக்குத் திரும்பிவிட்டார். அந்த நேரத்தில் அந்த மானம் எதற்கு, சொல்லுங்கள்! இன்று நான் ஊரோடு கைபேசியில் முகம் பார்த்துச் செலவில்லாமல் பேசுகிறேன். பேசும்போதெல்லாம் அண்ணை மடக்கிய அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

மறுநாள் தாய் போய்விட்டார். முதலாளி அண்ணையின் தோளில் தட்டினார். "கொம்மான்ரை எட்டுச்செலவுக்கு வேண்டியதெல்லாம் இஞ்சையே எடு. அதுக்கு வில்லை செல்லும்."

இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் எட்டாம் நாள் அது. அண்ணை இருந்த வில்லைகளையெல்லாம் கொட்டி, முருங்கைக்காயும் பாரை மீனும் வாங்கி, தானே வெட்டிச் சமைத்தார். மேல்மாடி அறையில் படைத்து முடிந்ததும் முதல் பந்தியில் முதலாளி அமர்ந்தார்.

"குழம்பு திறம். கொம்மா குடுத்து வைச்சவ" என்றார்.

அண்ணை குனிந்து, அவருக்கு இன்னோர் அகப்பை குழம்பு விட்டார்.